சாக்பீஸில் ஒரு பெயர்

அந்தப் பெயர் இன்னும் வரவில்லை, பெயர் கூப்பிடுகிற ஏகாம்பரம் இன்னும் முதல் உலகச் சண்டையிலேயே இருக்கிறார், மெசபடோமியாவில் செத்தவர்கள், போகிற வழியில் கப்பலிலேயே காய்ச்சல் கண்டு செத்தவர்கள், இந்த ஊரிலிருந்து கிளம்பிப் போய் எந்த மண்ணில் கிடக்கிறோம் என்று தெரியாமல் கிடக்கிற முனிசாமிகளும் சின்னப்பையன்களும், ஒவ்வொரு பெயரையும் அவர் இழுத்துக் கூப்பிட, மார்கழிப் பனிக்குள் எங்கிருந்தோ ஒரு கொள்ளுப்பேரன் எழுந்து உள்ளேன் ஐயா என்கிறான், பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிடுகிறது, உட்கார்கிறான், அடுத்த பெயர். இது எங்கள் ஊர் வழக்கம், வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்துக்குப் போன ஊர். போனவன் சண்டையில் செத்துவிட்டால் வருஷத்துக்கு ஒரு காலை இந்தக் கல்லுக்கு முன்னால் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள், மூன்று தரம்வரை, வீட்டு ஆள் ஒருவர் எழுந்து அவனுக்காகப் பதில் சொல்ல வேண்டும். புதுப் பெயர் என்றால் முதலில் சாக்பீஸால் கல்லில் எழுதி வைப்பார்கள், பதில் வந்த பிறகுதான் உளி. வராவிட்டால் ஈரத்துணி. கல்லின் அடியில் சாக்கை மடித்துப் போட்டுக் கல்தச்சர் உட்கார்ந்திருக்கிறார், அணைத்த பீடி காதில் இருக்கிறது, அவர் தலைக்கு நேர் மேலே, எழுபத்தொன்று என்ற வருஷத்துக்குக் கீழே, கடைசியாக, மற்றதெல்லாம் குழிந்திருக்க அது மட்டும் வெள்ளையாக, மு. துளசிங்கம், விமானப்படை. என் நைனா. பக்கத்து நாற்காலியில் அம்மா. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது, நைனாவின் சாம்பல்நீல மஃப்ளரைத் தலையோடு சேர்த்துப் புருவம்வரை இழுத்துச் சுற்றியிருக்கிறாள், அதற்குள்ளே நெற்றியில் பொட்டு இருக்கிறதா இல்லையா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். இருந்தால் நான் வாயைத் திறக்கக் கூடாது. இல்லையென்றால் திறக்க வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேலாக நைனா காணாமல் போனவர், செத்தவர் இல்லை. நான் பதில் சொன்ன அந்த நொடியில் செத்துப்போவார், அம்மா இத்தனை பேர் முன்னால் தாலியறுத்தவளாகிவிடுவாள். காலையில் கேட்டிருக்கலாம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் உள்ளே இருந்தாள், வெளியே வரும்போதே மஃப்ளரோடு வந்தாள், ஆட்டோ வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள். கேட்டிருக்கலாம்தான். என்னவென்று கேட்பது. அம்மா, நீ இன்றைக்கு யார் என்றா.

உள்ளேன் ஐயா. அதோ இன்னொருவர், தாம்புக்கயிறு போன்ற கழுத்து, தாத்தாவுக்காகச் சொல்கிற இவருக்கே எண்பது இருக்கும். எனக்கு முதலில் பழகிய பதில் இது இல்லை, பிரசென்ட் சார் என்பதுதான், வடக்கே, விமானப்படைக் குடியிருப்பின் பள்ளிக்கூடத்தில், காலர் பட்டன் கழுத்தை நெரிக்க. அந்த டிசம்பரில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் மூடினார்கள், ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டினார்கள், விளையாட்டு மைதானத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள், எங்களுக்கு ஒரே கொண்டாட்டம், சண்டை என்றால் லீவு, சண்டை என்றால் குழிக்குள் குதித்து விளையாடலாம். நைனா போக்குவரத்து விமானத்தில் சிக்னலர், விமானத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்து தந்தி அடிப்பதும் கேட்பதும் அவர் வேலை, வருஷக்கணக்கில் எஞ்சின் இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் அவருடைய இடது காது போய்விட்டது, வலது பாதி. தந்தியின் கட்டுக்கட சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும், மனிதர் பேசுவது கேட்காது என்று அம்மா சொல்வாள். வீட்டில் எல்லாமே கத்தித்தான். குவார்ட்டர்ஸ் முழுக்க அப்படித்தான், எல்லாருடைய பெண்டாட்டியும் கத்துவார்கள், எந்த வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எதுவும் ரகசியம் இல்லை. கடைசியாகக் கிளம்பிய அன்றைக்குச் சாயங்காலம் நைனா நின்றுகொண்டே சாப்பிட்டார். கையைத் துடைத்துவிட்டுப் பஞ்சைப் பிய்த்து உருட்டி இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று. அப்போது அம்மா ஏதோ சொன்னாள். ஆங்? என்றார். அம்மா திரும்பச் சொன்னாள், இன்னும் உரக்க, ஆனால் வெளியே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. அவர் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு, வந்து கேட்டுக்கொள்கிறேன் என்பதுபோல ஒரு கையை ஆட்டிவிட்டுப் போனார். என்ன சொன்னாய் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை உப்பு பத்துதான்னு கேட்டேன் என்றாள். ஒரு தடவை குல்லா எடுத்துக்கினியான்னு கேட்டேன் என்றாள். கடைசியாகக் கேட்டபோது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் என்றாள், அவள் மறந்து நான் பார்த்ததில்லை. போன விமானம் சரக்கை ஏற்றிக்கொண்டு போர்முனைக்குப் போனது, எல்லாம் சரி என்று ஒரு செய்தி வந்தது, அதை அடித்தது நைனாவின் விரலாகத்தான் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சுட்டார்களா, தானாக விழுந்ததா, மலையா, ஆறா. எரிந்துகொண்டே விழுந்ததா, விழுந்த பிறகு எரிந்ததா. இதைத்தான் நான் சுற்றிச் சுற்றி நினைப்பேன், நினைத்து நினைத்துத் தேய்ந்த இடம் இது, விழுகிறோம் என்று தெரிந்து விழுந்திருந்தால் எவ்வளவு நேரம் விழுந்திருப்பார், அந்த நேரத்தில் பஞ்சைக் காதிலிருந்து எடுத்திருப்பாரா. அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன், பதுங்குகுழிக்குள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேனா, தூங்கிக்கொண்டிருந்தேனா. எந்த நேரம் என்று யாரும் சொல்லாததால் அந்த ராத்திரியின் எல்லா நேரமும் அந்த நேரமாகிவிட்டது, நான் கடலை உரித்த நேரமும் அதுதான், தூங்கிய நேரமும் அதுதான், ஒன்றுக்குப் போக இருட்டில் பயந்துபோய் அம்மாவை எழுப்பிய நேரமும் அதுதான். அம்மா தூங்கவில்லை. எழுப்ப வேண்டியிருக்கவில்லை. பல நாள் கழித்துக் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது ஒரு பஞ்சு உருண்டை வந்தது, கொஞ்சம் மஞ்சளாக, உள்பக்கம் அழுக்காக. அதை அவள் குப்பையில் போடவுமில்லை, எடுத்து வைக்கவுமில்லை, திரும்பக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டாள்.

இரண்டாம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பர்மா. ஒரே வீட்டில் மூன்று பெயர், ஒரே குரல் மூன்று தரம் எழுந்து உட்கார்கிறது, பின்வரிசையில் யாரோ ஒருவர் நீ நின்னுக்கினே சொல்லிடேன்பா என்கிறார், சின்னச் சிரிப்பு எழுந்து அடங்குகிறது. அம்மா சிரிக்கவில்லை. மடியில் அந்தப் பழைய தவிட்டுநிறக் கைப்பை, அதன் பித்தளைக் கொக்கி மேல் இரண்டு கையையும் பொத்தி வைத்திருக்கிறாள். அந்தக் கொக்கி. அதைப் பார்க்கக் கூடாது, அதைப் பார்த்தால் மறுபடியும் கருவூலத்துக்குப் போவேன், வேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து. ஏழு வருஷம் கழிந்ததும் நைனா இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று அரசாங்கம் சொன்னது, கருதப்படுகிறார், அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள், கருதறவங்க கருதிக்கட்டும் என்றாள். ஆனால் பென்ஷன் வேண்டும், நான் படிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம் கருவூலத்துக்கு நேரில் போய்த் தான் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வர வேண்டும், இன்னாருடைய விதவை, உயிரோடு இருக்கிறாள். கருவூலத்துக் காம்பவுண்டுச் சுவரோரம் வந்ததும் அம்மா நிற்பாள், நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துக் கைப்பையின் கொக்கியில் ஒட்டுவாள், உள்ளே போவாள், கையெழுத்துப் போடுவாள், வெளியே வருவாள், அதே சுவரோரம், கொக்கியிலிருந்து எடுத்து நெற்றியில். என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானும் பார்க்காததுபோலக் கரும்புச்சாறு வண்டியைப் பார்ப்பேன். இரண்டு அம்மா, ஒருத்தி சுவருக்கு உள்ளே, ஒருத்தி வெளியே, இடையில் அந்தச் சின்னச் சிவப்புவட்டம் பித்தளையில் காத்துக்கொண்டிருக்கும். வருஷமெல்லாம் நாங்கள் சுவருக்கு வெளியே இருந்தோம், நைனா உயிரோடு இருந்தார். ஏன் இருக்கக் கூடாது, பாகிஸ்தான் சிறையிலிருந்து விடுபட்டு வந்த நெல்லைப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்து சொல்லவில்லையா, அங்கே ஆஸ்பத்திரிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் தமிழில் புலம்பிக்கொண்டிருந்தான் என்று, ரசம் வேண்டும், ரசம் ஊத்து என்று கேட்டானாம். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள், கேட்டாள், யோசித்தாள், பிறகு, அவரு ரசமே ஊத்திக்க மாட்டாருங்களே என்றாள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் பாவம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்துபோகவும் முடியாமல் இருந்தார். மறுநாள் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது யாரிடமும் இல்லாமல் சொன்னாள், அங்க போயி பழகியிருக்கலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் ரசம். நானும் குடித்தேன், பழகுவதற்காகத்தானே என்று நினைத்துக் குடித்தேன், எதற்குப் பழக என்று தெரியாது. இருபது வயதில் மெல்போர்னுக்குப் போன பிறகும் வாரம் ஒரு நாள் ரசம் வைத்தேன், விமானத்தில் காது அடைக்கும்போதெல்லாம் எச்சிலை விழுங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன், நைனா இறங்கவே இறங்காத இடத்தில் நான் எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன்.

பர்மா முடிகிறது. காஷ்மீர். சீனாக்காரன் சண்டை. இதெல்லாம் கேட்ட குரல்கள், தெரிந்த வீடுகள். தண்ணீர் தாகமாக இருக்கிறது, இந்தக் குளிரில் தாகம். ஏகாம்பரம் சால்வையைச் சரிசெய்துகொண்டு கல்லைப் பார்க்கிறார், பிறகு எங்களை, அம்மாவை இல்லை, அவள் கையை. எனக்குப் புரிகிறது, இங்கே வயதான எல்லாரும் அவள் கையைத்தான் பார்க்கிறார்கள். நான் ஊரை விட்டுப் போகிற வருஷம் இதே கல்லில் இதே பெயரை ஒரு தடவை எழுதினார்கள், எங்களைக் கேட்காமல், கௌரவம் செய்வதாக நினைத்து. கூப்பிடும் முன்பே அம்மா எழுந்தாள். நேராகக் கல்லுக்குப் போனாள், முந்தானையை எச்சிலில் நனைத்தாள், குழந்தை வாயைத் துடைப்பதுபோல, கோபமே இல்லாமல், து, ள, சி என்று துடைத்தாள், திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையில் வெள்ளை. அதற்கப்புறம் யாருக்கும் சாக்பீஸைத் தொடத் தைரியம் இல்லை, நான்தான் தொடவைத்தேன். ஆறு மாதமாகிறது நான் வந்து, அவளுடைய கணையத்தில் இருப்பது சித்திரையைத் தாண்ட விடாது என்று டாக்டர் சொன்னதும் வந்தேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் கஜேந்திர மாமா, அம்மாவின் தம்பி, வடையைச் சாம்பாரில் போட்டு அது ஊறுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தப்பா எடுத்துக்காதே என்று ஆரம்பித்தார். பெண் போனால் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிப்புடவை போக வேண்டும். அக்காவுக்கு எந்தக் கலருல எடுக்கறதுன்னு ஒரே கொழப்பமா இருக்குதுப்பா, சுமங்கலின்னு செவப்பு எடுத்தா நாலு பேரு ஒருமாதிரி பேசுவான், வெள்ளை எடுத்தா அக்காவே எழுந்து என்னை அறையும், அங்க வெச்சிக்கினு சண்டை வரக்கூடாது பாரு. நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார், பிறகு இரண்டு பேரும் வடையைச் சாப்பிடவில்லை. ஸ்கேன் முடிந்து சக்கரநாற்காலியில் பின்னால் வந்திருந்தாள் அம்மா, எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பச்சை எடுக்கச் சொல்லு, பச்சைதான் எனக்கு எடுப்பா இருக்கும் என்றாள். அதில் என்ன பதில் இருக்கிறது. எப்போதும் அப்படித்தான். போன மாதம் ஏகாம்பரம் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று, நைனாவோடு பள்ளிக்கூடம் போனவர் அவர், உள்ளே வரமாட்டேன் என்று அங்கேயே நின்று கேட்டார், அம்மா இருக்கிறப்பவே முடிச்சிடலாம்பா, அவங்களும் போயிட்டா, நீயும் பிளேன் ஏறிட்டா, அவனுக்குப் பதில் சொல்ல ஊர்ல யாரு. அவன் என்றார், ஏதோ நேற்றுப் பார்த்தவனைப்போல. செய்யுங்க என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்திருந்தாள், கேட்காமல் இருக்க முடியாது, அவள் காது பாம்புக்காது. நான் உள்ளே போனபோது, டிசம்பர்ல பனி கொட்டும், மஃப்ளரைத் தேடி வை என்றாள். அவ்வளவுதான். வருகிறேன் என்று அர்த்தம். வந்து என்ன செய்வேன் என்று அர்த்தம் இல்லை. எனக்கு என்ன வேண்டும். முடிய வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும், யாரிடமும் சொன்னதில்லை, ஆறு வயதிலிருந்து வாசலில் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிற கழுத்து எனக்கு வலிக்கிறது, நைனா செத்திருக்க வேண்டும், அந்த ராத்திரியே, உடனே, வலியில்லாமல் செத்திருக்க வேண்டும். ஏனென்றால் சாகவில்லை என்றால் அவர் அங்கே ஏதோ ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பல் விழுந்து கிழடாகி இன்னமும் ரசம் கேட்டுக்கொண்டிருக்கிறார், நாங்கள் இங்கே குடித்துக்கொண்டிருக்கிறோம். இதை அவளிடம் எப்படிச் சொல்வது. அவள் சிவப்புப் பொட்டோடு போக ஆசைப்பட்டால் அதைப் பிடுங்க நான் யார். இத்தனை வருஷம் அவளைத் தாங்கியது அந்த ஒட்டுப்பசை. அவள் எழுந்து போய்த் துடைக்க இப்போது அவள் காலில் பலம் இல்லை, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்துதான் செய்யுங்க என்றேனா.

எழுபத்தொன்று. முதல் பெயர், தரைப்படை, தம்பி எழுந்து சொல்கிறார். இரண்டாவது, மகள். கல்தச்சர் உளியை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொள்கிறார். வாய் உலர்ந்துவிட்டது, நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டதும் பிரசென்ட் சார் என்றேன், வகுப்பே சிரித்தது, அன்றைக்கும் நாக்கு இப்படித்தான் ஒட்டியது.

"மு. துளசிங்கம்."

முன்வரிசைத் தலைகள் திரும்புகிற சத்தம் கேட்கிறது, துணி உரசுகிற சத்தம். நான் கல்லைப் பார்க்கிறேன். பனியில் சாக்பீஸ் கசிந்து து எழுத்தின் கால் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. பதில் சொல்லாமல் இருந்துவிடலாம். இன்னும் இரண்டு தரம், பிறகு ஈரத்துணி, ஆட்டோ, வீடு, ரசம்.

"மு. துளசிங்கம்."

பக்கத்தில் அசைவு. திரும்பிவிட்டேன். அம்மாவின் இரண்டு கையும் பையை விட்டு மேலே போகின்றன, மஃப்ளரின் முடிச்சைத் தேடுகின்றன, நான் உதவப்போகவில்லை, என்னால் பையின் கொக்கியைத்தான் பார்க்க முடிகிறது. பித்தளை. தேய்ந்து மின்னுகிற வெறும் பித்தளை. அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. திரும்பப் போகிற வழியில் எடுத்து வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மஃப்ளர் சுற்றுச் சுற்றாகக் கழன்று மடியில் விழுகிறது, நெற்றி வெளியே வருகிறது, பொட்டு இல்லை, பொட்டு இருந்த இடத்தில் பசை தின்று தின்று நிறம் போன தோல், வட்டமாக, வெள்ளையாக, அதை இனி எந்தச் சுவரோரமும் பிய்த்து எடுக்க முடியாது. இதை நான் பார்த்ததே இல்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்க்கிறாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவளைப்போல. நான் எழுந்தேன். எழுந்துவிட்டேன் என்பது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தபோதுதான் தெரிந்தது. உள்ளேன் ஐயா என்றேன். காற்றுத்தான் வந்தது. ஏகாம்பரம் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார், மூன்றாம் தரம் கூப்பிட வாயெடுத்தார். அம்மா என் சட்டைநுனியைப் பிடித்து இழுத்தாள்.

"சத்தமா சொல்லுடா," என்றாள். "நைனாவுக்குக் காது கேக்காது."